மூச்சுக்குப் பிறகு வர வேண்டிய வரி

கஜானி பேசத் தொடங்கியபோது நான் நடுவர் மேசையில் இருந்து தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தேன். முதல் வரியிலேயே கை நின்றுவிட்டது.

"நாம் தோற்கவில்லை. நாம் விற்கப்பட்டோம்."

அவளுக்கு ஒன்பது வயது. என் சித்தியின் மகள். பசிக்கிறது என்பதைக்கூடப் பிரெஞ்சில் சொல்பவள். மேடையில் பட்டுப்பாவாடையும் கனகாம்பரமுமாக நின்று, "விற்கப்பட்டோம்" என்பதை அழுத்திச் சொல்லி, அதன் பிறகு சபையைக் கொஞ்சம் காக்க வைத்தாள். அந்த அழுத்தம் என்னுடையது. காக்க வைத்த விதமும் என்னுடையது. ஒரு பிள்ளையின் வாயிலிருந்து என் குரல் வந்துகொண்டிருந்தது.

பாரிஸின் லா சப்பலில் ஒவ்வொரு வசந்தத்திலும் தமிழ்ப் பள்ளிகளின் பேச்சுப்போட்டி நடக்கும். மளிகைக் கடைகளுக்குப் பின்னால், மாடியில் இருக்கும் அந்த மண்டபத்துக்கு பியர்ஃபித், செவ்ரான், கூசேன்வில் என்று எல்லாப் புறநகர்ப் பக்கமிருந்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். இங்கே பிறந்த பிள்ளைகள். தாங்கள் பேசுவதில் பாதி அவர்களுக்கு விளங்காது. விளங்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. உச்சரிப்பு சுத்தமாக இருந்தால் கிண்ணம், கை ஆட்டினால் இன்னும் பெரிய கிண்ணம். என் காலத்தில் பேச்சைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதித் தருவார்கள். இப்போது பெரியவர்கள் யாராவது பேசி வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். பிள்ளை காதால் கேட்டு, ஏற்ற இறக்கத்தோடு, இருமல் இருந்தால் இருமலோடும் பாடமாக்கிவிடும்.

நானும் அப்படி வளர்ந்தவள்தான். அம்மாவின் கண்ணாடி அலுமாரியில் இன்னும் என் கிண்ணங்கள் நிற்கின்றன. பிறகு என் பிடிவாதத்தால் தமிழை எழுத்துக் கூட்டிப் படித்து, விளங்கிப் பேசக் கற்றுக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் முடித்த முதல் ஆள் நான். அதனால்தான் 2019இல் என்னை நடுவராகப் போட்டார்கள். போட்டவர், போட்டியை நடத்தும் குழுவில் இருந்த கோகிலன் அண்ணை.

அவரைப் பற்றிச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது.

2009இல் எனக்குப் பதின்மூன்று வயது. அந்த வசந்தம் முழுக்க அம்மாவோடு பாரிஸ் வீதிகளில் கொடியோடு நின்றேன். கத்தினோம், அழுதோம், வீதியில் படுத்தோம். கார்க்காரர்கள் ஹோர்ன் அடித்தார்கள். மே மாதம் எல்லாம் முடிந்தது. அடுத்த வருடம் வன்னியிலிருந்து தப்பி வந்த கோகிலன் அண்ணை, அப்பாவோடு உணவகத்தில் வேலை செய்த ஒருவரின் அறிமுகத்தில் எங்கள் பியர்ஃபித் வீட்டு வரவேற்பறைக்கு வந்து சேர்ந்தார். கிபிர் விமானம் போட்ட குண்டில் தங்கையை இழந்தவர். என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை. வந்த நாளிலிருந்து "தங்கச்சி"தான்.

அவருடைய அகதி விண்ணப்பம் முதலில் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீட்டை எழுதித் தந்தவர் ஜிஸ்லேன். அகதிகளுக்கு உதவும் சங்கமொன்றில் சம்பளமில்லாமல் வேலை செய்த, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட ஆசிரியை. அதற்கு முதல் எங்கள் குடும்பத்துக்கும் அவர்தான் எழுதினார். அண்ணை தமிழில் சொல்ல, நான் பிரெஞ்சில் சொல்ல, ஜிஸ்லேன் எழுதுவார். அண்ணையின் தங்கை எப்படிச் செத்தாள் என்பதை ஒரு பதினான்கு வயதுப் பிள்ளையின் வாய்தான் பிரெஞ்சுக்குக் கொண்டுபோனது. அதைச் சொல்லி முடித்ததும் ஜிஸ்லேன் பேனையை வைத்துவிட்டுத் தன் கதையைச் சொன்னார். தான் யூதப் பெண். 1942இல் தன் தகப்பன் பெல்வில்லில் ஒரு மாடி அறையில் ஒளிந்திருந்தவர். பாட்டனையும் பாட்டியையும் ஜெர்மனியருக்குக் கொடுப்பதற்காகப் பிரெஞ்சுப் பொலிஸ் கொண்டுபோனது, அவர்கள் திரும்பவில்லை. அதையும் நான்தான் தமிழில் சொன்னேன். அண்ணை எழும்பி அவருடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

ஆக, அண்ணைக்குத் தெரியும். தெரியாது என்று ஒருபோதும் சொல்ல முடியாது.

பள்ளி இறுதிப் பரீட்சை முடிந்ததும் நான் சரித்திரம் படிக்கப் போகிறேன் என்றபோது வீடு இழவு வீடு மாதிரி ஆகியது. கணக்கியல் படித்தால் கந்தோர் வேலை, சரித்திரம் படித்தால் சரித்திரத்தைத்தான் தின்ன வேண்டும் என்றார் அம்மா. கோகிலன் அண்ணைதான் வாதாடினார். எங்கள் சனத்தின் கதையை எழுத ஒருத்தி வேண்டும், அது இவளாக இருக்கட்டும் என்றார். யூதரைப் பாருங்கோ, ஒவ்வொரு பெயரையும் எழுதி வைத்தார்கள், அதனால்தான் நிமிர்ந்தார்கள் என்றார். அப்போது எங்கள் எல்லோர் வீட்டிலும் அந்தப் பேச்சு இருந்தது. யூதரைப் பார், நாடில்லாமல் அலைந்து நாட்டைப் பிடித்தார்கள். யூதரைப் பார், உலகத்தையே ஆட்டி வைக்கிறார்கள் என்று அன்றைக்கு அண்ணையும் சொன்னார். அதை நாங்கள் பாராட்டு என்று நினைத்துச் சொன்னோம். கேட்க எனக்கும் நன்றாகத்தான் இருந்தது.

முதுகலைக்கு நான் எடுத்த விடயம், யூத வெறுப்பு பிரான்சில் எப்படி ஒரு அரசியல் கட்சிச் சரக்காக மாறியது என்பது. பழைய சமயப் பகையைப் பற்றியது அல்ல. அது நூற்றாண்டுகளாக இருந்தது. நான் தேடியது, அந்தப் பகையை எடுத்துத் தூசு தட்டி, பத்திரிகை, சங்கம், தேர்தல், அடியாள் என்று புதிதாகக் கட்டிய காலத்தை. 1870இல் பிரான்ஸ் ஜெர்மனியரிடம் தோற்றது. 1882இல் கத்தோலிக்கருடைய பெரிய வங்கியொன்று விழுந்து, சிறு கடைக்காரரும் குருமாரும் போட்ட காசெல்லாம் போனது. தோற்றவனுக்கும் இழந்தவனுக்கும் ஒரு விலாசம் தேவைப்பட்டது, போய்க் கதவைத் தட்ட. சிலர் அந்த விலாசத்தை அச்சடித்து விற்றார்கள். "யூத எதிர்ப்பு" என்பதை ஒரு கொள்கையின் பெயராகவே பெருமையோடு போட்டுக்கொண்டார்கள். இங்கிருந்து மெத்ரோவில் கொஞ்சத் தூரத்தில் இருக்கும் லா வில்லெத் இறைச்சிக்கூடத்துக் கசாப்புக்காரர்களைப் பிடித்துக் கூட்டங்களுக்குக் காவல் போட்டார்கள். அந்தக் கசாப்புக்காரர்கள் அரக்கர்கள் அல்ல. வேலை குறைந்து, கடன் கூடி, யாரிடம் கோபப்படுவது என்று தெரியாமல் நின்ற மனிதர்கள். அந்தக் கோபம் எந்தக் கதவுக்குப் போக வேண்டும் என்று இன்னொருவர் சொல்லிக்கொடுத்தார். என் ஆய்வு அவ்வளவுதான்: இது தானாக முளைத்ததல்ல, செய்தது. செய்தவர்களுக்குப் பெயர் இருந்தது, அச்சகம் இருந்தது, இலாபமும் இருந்தது.

கோகிலன் அண்ணை அப்போது ரோசி விமான நிலையத்தில் பொதி ஏற்றும் வேலைக்குப் போய், கூசேன்வில்லில் அறை எடுத்திருந்தார். அவருக்குப் பிரெஞ்சு வாசிப்பு வராது. ஆய்வை எனக்குத் தமிழில் சொல்லு, வேலையில் கேட்டுக்கொண்டு நிற்கிறேன் என்றார். என் ஆய்வை யாராவது கேட்க விரும்புவது அதுதான் முதல் தடவை. அம்மா அதன் தலைப்பைக்கூடக் கேட்டதில்லை. நான் ஒவ்வொரு அத்தியாயமாகப் பேசி அனுப்பினேன். அந்தக் காலத்துத் துண்டுப்பிரசுரங்களிலிருந்து மேற்கோள் வரும் இடங்களில், அவை எப்படிக் கூட்டத்தை மயக்கியிருக்கும் என்று காட்டுவதற்காக, மேடைத் தமிழில் மொழிபெயர்த்து முழங்கினேன். கிண்ணம் வாங்கிய வாய் அல்லவா. முழங்கிவிட்டு, மூச்சு வாங்கி, பிறகு சாதாரணக் குரலில் சொல்வேன்: "இது பொய். இந்தப் பொய்யை எப்படிச் செய்தார்கள் என்று இனிப் பார்ப்போம்." அதற்குப் பிறகுதான் என்னுடைய வேலை தொடங்கும். ஒவ்வொரு பதிவுக்கும் அண்ணை பதில் போடுவார். "அருமை தங்கச்சி." "மிச்சத்தை அனுப்பு."

இனி மண்டபத்துக்கு வருகிறேன்.

அன்றைக்குப் பிரதம விருந்தினர் ஜிஸ்லேன். அழைத்தவர் அண்ணை. போட்டி தொடங்க முதல் அவரே ஜிஸ்லேனுக்குப் பொன்னாடை போர்த்தி, எங்கள் சனத்துக்கு இவர் செய்ததை எல்லாம் ஒலிவாங்கியில் சொன்னார். சபை எழும்பி நின்று கைதட்டியது. ஜிஸ்லேன் முன்வரிசையில், நடுவர் மேசைக்குப் பக்கத்தில், மஞ்சள் சால்வையோடு வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தார். அதன் பிறகுதான் கஜானி மேடைக்கு வந்தாள்.

"நாம் தோற்கவில்லை. நாம் விற்கப்பட்டோம். எங்கள் கண்ணீருக்கு விலை பேசியவன் யார்? யூதன். உலகத்தின் பத்திரிகைகளை ஒரே கையில் பிடித்து, எங்கள் அழுகையை அச்சில் வராமல் செய்தவன் யார்? யூதன்."

என் மொழிபெயர்ப்பில் ஒரு சொல்லும் மாற்றவில்லை. மாற்றத் தேவைப்படவில்லை. நூற்றுச்சொச்சம் வருடத்துக்கு முந்திய பாரிஸ்காரன் ஒருவனின் விஷம் எங்கள் ஊர்க் கதைக்கு அப்படியே அளவாக இருந்தது. நடுவில் ஒரே ஒரு வரி புதிது: "எங்கள் பிள்ளைகளின் தலையில் கிபிரைக் கொட்டியது யார் செய்த விமானம்?" அந்த வரியில் மட்டும் கஜானியின் ராகம் மாறியது. அது அண்ணையின் ராகம். வன்னியிலிருந்து வந்த பெண்கள் சிலர் அந்த இடத்தில் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்கள். கிபிர் இஸ்ரேலில் செய்ததுதான். அது உண்மை. உக்ரேனிலும் சீனாவிலும் வாங்கியவையும் எங்கள் தலையில் விழுந்தன. அதைப் பற்றிப் பேச்சு எழுத யாருக்கும் தோன்றவில்லை. ஒரு அரசு ஆயுதம் விற்றது. அதற்கு முன்வரிசையில் மஞ்சள் சால்வையோடு இருக்கும் கிழவி என்ன செய்வாள்?

கடைசி வரி முடிந்தது. கஜானி நெஞ்சு உயர ஒரு மூச்சு வாங்கினாள். இன்னொரு வரி வரப்போகிறது போல. பிறகு கைகூப்பிக் குனிந்தாள்.

அந்த மூச்சையும் பாடமாக்கியிருந்தாள். "இது பொய்" என்று சொல்வதற்காக நான் வாங்கிய மூச்சு அது.

மண்டபம் அதிர்ந்தது. கஜானி மேடையிலிருந்து என்னைத் தேடிச் சிரித்தாள். அக்காவுக்குச் சொல்லாதே, மேடையில் கேட்கட்டும் என்று அண்ணை சொல்லி வைத்திருந்தாராம். என் குரலைக் கேட்டுத்தான் படித்தேன் என்பதை எனக்குக் காட்டுவதுதான் அவளுடைய பெரிய சந்தோசம்.

ஜிஸ்லேனும் கைதட்டினார். எல்லோரையும் விட அதிகமாக. பிறகு என் பக்கம் சாய்ந்து பிரெஞ்சில் கேட்டார். எவ்வளவு அழகு, என்ன சொன்னாள் அவள்?

நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணை என் கதிரைக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"அம்மாவைப் பற்றியும் மண்ணைப் பற்றியும் சொன்னவள் எண்டு சொல்லு."

திரும்பி அவரைப் பார்த்தேன். முகத்தில் பதற்றமே இல்லை. ஒரு வேலையைத் தெரிந்த ஆளிடம் கொடுக்கும் நிதானம் இருந்தது. எனக்கு எல்லாம் விளங்கிய இடம் அதுதான். அவர் ஜிஸ்லேனை மறந்துபோய் இதைச் செய்யவில்லை. ஜிஸ்லேனை முன்வரிசையில் இருத்திவிட்டே இதைச் செய்தார். நடுவில் நான் இருப்பேன், நான் மழுப்புவேன் என்ற நம்பிக்கையில். சின்ன வயதிலிருந்தே அதைத்தானே செய்தேன். மருத்துவர் அம்மாவை அதட்டினால் அன்பாகச் சொல்கிறார் என்று சொன்னேன். கந்தோர்ப் பெண்ணை அப்பா திட்டினால் நன்றி சொல்கிறார் என்று சொன்னேன். அந்த வாயைத்தான் அவர் கணக்கில் எடுத்திருந்தார்.

"ஏன் அண்ணை?" என்று கேட்டேன்.

"என்ன ஏன்? நான் ஒண்டும் சேர்க்கேல்லை. ஒரு வரிதான். மிச்சமெல்லாம் நீ சொன்னது."

"நான் பொய்யெண்டு சொல்லிறதுக்காகச் சொன்னனான்."

"அதை வெட்டினனான். நீ படிச்சனீ, நல்லாப் படிச்சனீ. ஆனால் தங்கச்சி, வெள்ளைக்காரன் அவ்வளவு பேரும் அவ்வளவு காலமும் சும்மா சொல்லுவாங்களே? நான் முந்தியே சொன்னனான்தானே, யூதராலை எல்லாம் ஏலும் எண்டு."

ஓம், சொன்னவர்தான். எங்கள் வரவேற்பறையில், என் படிப்புக்காக வாதாடிய அதே நாளில். உலகத்தையே ஆட்டி வைக்கிறார்கள் என்று. அன்றைக்குப் புகழ்ச்சி, இன்றைக்குப் பழி. வசனம் அதே வசனம். பல்கலைக்கழகத்தில் நான் தலையை உடைத்துத் தேடியது என் வீட்டுச் சோபாவில் படுத்துக் கிடந்திருக்கிறது.

"முன்னாலை இருக்கிற மனிசி யார் எண்டு தெரியுந்தானே?"

"அவ வேறை. அவ எங்கட ஆள்."

இப்படி ஒரு வசனமும் என் ஆய்வில் இருக்கிறது. கசாப்புக்காரன் ஒருவன் தன் பக்கத்து வீட்டு யூதனைப் பற்றிச் சொன்னது. அதை ஏனோ அண்ணைக்கு அனுப்பவில்லை. அவர் அதைத் தானாகவே கண்டுபிடித்துவிட்டார்.

ஜிஸ்லேன் இன்னும் காத்துக்கொண்டிருந்தார். முகத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே இருந்தது. காதுக்குள் சொல்லியிருக்கலாம். வெளியே கூட்டிப்போய்ச் சொல்லியிருக்கலாம். இப்போது யோசிக்கிறவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். ஆனால் பின்வரிசைகளில் இருந்த பெடியளையும் பெட்டையளையும் பார்த்தேன். தொலைபேசியில் தலை கவிழ்ந்து, எங்கே கைதட்ட வேண்டுமோ அங்கே தட்டிக்கொண்டிருந்தவர்கள். அடுத்த வருடம் அவர்களுடைய தம்பி தங்கைகள் இதைப் பாடமாக்குவார்கள். வென்ற பேச்சு எல்லாப் பள்ளிக்கும் போகும். அதுதான் வழக்கம்.

மேசையிலிருந்த ஒலிவாங்கியை எடுத்தேன். நம் விருந்தினர் பேச்சின் பொருளைக் கேட்கிறார், சொல்கிறேன் என்று தமிழில் சொல்லிவிட்டு, பிரெஞ்சில் தொடங்கினேன். நாம் தோற்கவில்லை, நாம் விற்கப்பட்டோம். வரி வரியாக. எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. முழங்கவும் இல்லை. கடையில் சாமானின் பெயரை வாசிப்பது போலச் சொன்னேன்.

யூதன் என்ற சொல் பிரெஞ்சில் முதல் தடவை வந்தபோது பின்வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது. பிறகு எல்லாத் தலையும் நிமிர்ந்தன. இந்தப் பிள்ளைகள் இங்கே பள்ளிக்கூடம் போனவர்கள். அந்தச் சொல்லை அந்த வசனத்தில் வைத்தால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். பெற்றோர்களுக்கு நான் என்ன சொல்கிறேன் என்று விளங்கவில்லை, ஆனால் பிள்ளைகளின் முகம் விளங்கியது. மண்டபத்தில் பாதிப் பேர் மற்றப் பாதிப் பேரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் ஜிஸ்லேனைப் பார்க்கவில்லை. கஜானியைப் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. அவள் இன்னும் மேடையில்தான் நின்றாள். என் பிரெஞ்சு ஒவ்வொரு வரியாகப் போய் அவளிடம் சேர, அவள் தன் வாயை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள். அண்ணையை மட்டுமே குறி வைத்து எறிந்தேன். நடுவில் ஒரு பிள்ளை நிற்கிறது என்பதை யோசிக்கவில்லை.

கடைசி வரியும் முடிந்தது. இனி வர வேண்டியதைச் சொல்ல, இந்த முறை தமிழில், எல்லோருக்கும் கேட்கச் சொல்ல, மூச்சு வாங்கினேன். ஒலிபெருக்கி அந்த மூச்சைப் பெரிதாகக் காட்டிவிட்டுச் செத்தது. அண்ணை வயரைப் பிடுங்கியிருந்தார்.

"இது பொய்" என்று கத்தினேன். முன்வரிசைக்கு மட்டும் கேட்டிருக்கும். அதற்குள் யாரோ பாட்டுப் போட்டார்கள். சில கதிரைகள் இழுபட்டன. பெற்றோர் சங்கத்து ஆள் ஒருவர் வந்து, பிள்ளை, வீட்டுப் பிரச்சினையைச் சபைக்குக் கொண்டு வராதே என்றார். கோகிலன் அண்ணைக்கும் எனக்கும் ஏதோ காதல் முறிவு என்று நினைத்திருப்பார் போல.

ஜிஸ்லேன் பொன்னாடையைக் கழற்றி, மடித்து, அது வந்த பொலித்தீன் பைக்குள் போட்டு, கதிரையில் வைத்தார். மடிப்பு ஒருமுறை குலைந்து, திரும்பத் தொடங்க வேண்டியிருந்தது. உதவி செய்யப் போனேன். வேண்டாம் என்று தலையசைத்தார்.

ஃபோபூர் சன்-டெனி வீதியில் அவருக்குப் பின்னால் நடந்தேன். சனிக்கிழமைக் கூட்டம். மரக்கறிப் பெட்டிகள், நகைக்கடை, கோயில் அர்ச்சனைக்குத் தேங்காய் வாங்குகிறவர்கள். எப்போதும் அந்த வீதியில் ஒவ்வொரு கடைக்காரரும் அவருக்கு வணக்கம் சொல்லி நிறுத்துவார்கள். அன்றைக்கும் சொன்னார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் பதில் வணக்கம் சொன்னார், தமிழில், தனக்குத் தெரிந்த அந்த ஒரே சொல்லில். மெத்ரோ நிலையத்தின் இரும்புப் படிக்கட்டடியில் நின்று திரும்பினார்.

"என் அப்பாவின் கதை கோகிலனுக்குத் தெரியுமா?"

"தெரியும், மதாம். அன்றைக்கே நான் மொழிபெயர்த்தேன்."

"சரியாக மொழிபெயர்த்தாயா?"

"ஓம்" என்று தமிழில் வந்துவிட்டது. அவருக்கு விளங்கியது.

மேலே ரயில் ஒன்று வந்து நின்று போனது.  பிறகு சொன்னார். அண்ணையின் மனைவியை ஊரிலிருந்து கூப்பிடும் விண்ணப்பம் தன்னுடைய மேசையில் இருக்கிறது. பாதி எழுதியாகிவிட்டது. எனக்கு அது தெரியாது. பொன்னாடை எதற்கு என்று அப்போதுதான் விளங்கியது.

"திங்கட்கிழமை அதை முடித்து அனுப்புவேன். அது சட்டம், அவருடைய உரிமை. இதை அவரிடம் சொல்லு. ஆனால் கருணை என்று மொழிபெயர்க்காதே."

படியேறிப் போய்விட்டார். கை கொடுக்கவில்லை. என் கன்னத்தில் முத்தமும் வைக்கவில்லை. எங்கள் வீட்டுக்கு முதல் தடவை வந்த நாளிலிருந்து அவர் முத்தம் வைக்காமல் பிரிந்ததில்லை.

வீட்டில் அம்மா எனக்காக வாசலிலேயே நின்றார். செய்தி எனக்கு முதல் பியர்ஃபித்துக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அவன் உன்ரை படிப்புக்காக என்னோடை சண்டை பிடிச்சவன். அவனைச் சபையிலை நிர்வாணமாக்கிப்போட்டு வாறாய்."

அண்ணை செய்ததைச் சொன்னேன். அம்மா கேட்டார், முழுதாகக் கேட்டார். பிறகு அடுப்பைக் குறைத்துவிட்டுச் சொன்னார்.

"மனிசர் சொல்லுறதெல்லாத்தையும் அப்பிடியே சொல்லிறதே? இவ்வளவு காலமும் அப்பிடியே சொன்னனீ? மழுப்பித்தானே எங்களுக்கு விசா எடுத்துத் தந்தனீ."

 கோபம் இருந்தது. கோபம் பதில் இல்லை என்பதும் எனக்குத் தெரியும்.

கோகிலன் அண்ணைக்கு ஒரு பதிவு அனுப்பினேன். ஜிஸ்லேன் சொன்னதை, சொன்ன ஒழுங்கிலேயே. கருணை என்று மொழிபெயர்க்காதே என்பதையும் சேர்த்து. அவர் கேட்டதற்கு அடையாளமாக நீலக் குறி விழுந்தது.  அந்தக் கிழமையே செவ்ரான் பள்ளிக் குழுவிலிருந்து, எனக்கு முகம் தெரியாத ஒரு தாய், அண்ணை அனுப்பிய பழைய பதிவை எனக்கே அனுப்பினார். உங்கள் குரல் என்றார்கள், என்ன வடிவான தமிழ், என் மகனுக்கும் இதைத்தான் பழக்கப் போகிறேன் என்று. வெட்டிய பதிவு. இது எந்த மண்டபத்துக்குள்ளும் இல்லை, பிடுங்க வயரும் இல்லை. எத்தனை தொலைபேசிகளில் நான் முழங்கிக்கொண்டிருக்கிறேனோ. அந்தத் தாய்க்கு எழுதினேன், அது பொய், அழித்துவிடுங்கள் என்று. அப்ப ஏன் பேசினீர்கள் என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

கஜானி இரண்டு மூன்று வாரம் எங்கள் வீட்டுக்கு வரவில்லை. பிறகு சித்தி இழுத்துக்கொண்டு வந்தாள். சமையலறை மேசையில் இருந்து பிட்டைக் கிண்டிக்கொண்டிருந்தவள் என்னைப் பார்க்காமல் பிரெஞ்சில் கேட்டாள்: அந்த மூச்சுக்குப் பிறகு என்ன வரும்?

சொன்னேன். "இது பொய்" என்பதில் தொடங்கினேன். தோற்ற போரைச் சொன்னேன், விழுந்த வங்கியைச் சொன்னேன், பத்திரிகை விற்றவர்களையும் கசாப்புக்காரர்களையும் சொன்னேன். ஒன்பது வயதுக்கு விளங்குகிற மாதிரித்தான் சொன்னேன். கிபிருக்கு வந்தபோது கொஞ்சம் தடுமாறினேன். ஜிஸ்லேனின் பாட்டனைச் சொன்னபோது அவள் கரண்டியை வைத்துவிட்டாள். நல்ல பிள்ளை, கடைசிவரை கேட்டாள்.

"அது பெரிய நீளம், அக்கா" என்றாள், இந்த முறை தமிழில். கொஞ்சம் யோசித்தாள்.

"மற்றப் பேச்சு லேசு. நினைக்காமலே வாயிலை வருது."